கடைச் சாரப்பருப்பு ஏன் முளைப்பதில்லை?

கேள்வி: கடையில் வாங்கிய சாரப்பருப்பில் ஒரு பிடியை விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. மூன்றாண்டில் காய்க்கும் கன்றுகளைத் தருவதாகவும், விளைந்த பருப்பைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? மீதிப் பருப்பை என்ன செய்வது?

பதில்: கொடுக்க வேண்டாம்.

நீங்கள் ஊன்றியது, சாரை என்னும் மரத்தின் கொட்டையிலிருந்து ஓடு நீக்கிய வெறும் பருப்பு. கல் போன்ற ஓட்டை உடைக்கும்போதே பலவற்றில் முளைக்கரு சிதைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தபின் எஞ்சியவையும் உயிரிழந்துவிடுகின்றன. கோடையில் நன்கு பழுத்துக் கறுத்த பழத்தின் சதையை நீக்கி, ஓட்டில் மெல்லக் கீறலிட்டு, அவ்வாண்டு மழை தொடங்கும்போதே ஊன்ற வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரமாதலால், நிலைத்து நிற்கும் இடத்திலேயே ஊன்றுவது நல்லது. நீர் தேங்கும் நிலம் ஆகாது.

மத்திய இந்தியக் காடுகளில் தானாக வளரும் சாரை, மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவான மரமே எனினும், அவற்றைப்போல் விரைந்து வளராது. ஆகவே மூன்றாண்டு என்னும் வாக்குறுதி விதைக்கன்றுக்குப் பொருந்தாது. ஒட்டுக்கன்று மட்டும் விதிவிலக்கு; அதிலும், காய்த்துக்கொண்டிருக்கும் தாய்மரத்திலிருந்து எடுத்த குருத்தை ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், தழும்புக்குக் கீழிருந்து வளரும் தளிரை விடாமல் கிள்ளிவர வேண்டும்; இல்லையேல் ஒட்டு பட்டுப்போய் ஒட்டைத் தாங்கும் வேர்ச்செடி மட்டுமே மரமாகி நிற்கும். தாய்மரத்தைக் காட்ட மறுப்பவரிடம் ஒட்டுக்கன்றும் வாங்காதீர்கள்.

விளைச்சலைத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் தாளை நம்பி ஏமாந்தோர் பலர். தரம் போதாது என்ற ஒரு வரியைக் காட்டி முகவர்கள் கைகழுவிவிடுவார்கள். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிப் பழங்குடியினரிடம் உப்புக்கு ஈடாக இதே கொட்டையை வாங்கிச்சென்ற வணிகர்களின் வாரிசுகள்தாம் இவர்கள். இக்கொட்டை போன்ற சிறு வன மகசூல்மீது வனவாசிகளுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றது, பின்னர் அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் வந்தது. ஆனால் கொள்முதல் நிலையம் நேரத்துக்குத் திறக்காத ஊரில் அவ்விலை யாருக்குப் பயன்படும்? பிறர் முந்திவிடுவார்களோ என்ற அச்சத்தில், காட்டில் கொட்டை சேகரிப்போர் கிளையோடு ஒடித்துப் பிஞ்சையும் பறிக்கிறார்கள், மரமும் அழிகிறது.

மீதிப் பருப்பை நெய்யில் பொன்னிறமாக வறுத்துப் பாயசத்திலும் அல்வாவிலும் சேர்க்கலாம், அரைத்துக் குழம்பைக் கெட்டியாக்கலாம். அதில் பாதியளவு எண்ணெய்ச் சத்து என்பதால் விரைவில் சிக்கு நாற்றம் பற்றும். காற்றுப்புகாத புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். முந்திரி ஒவ்வாதவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.