ஆப்பிரிக்காவில் ஒரு தொகுதிகூட வெல்லாமல் கலைந்துபோன சிறு கட்சிகள் உண்டா? அவற்றால் யாருக்கு என்ன பயன்?

கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை, கேட்கக்கூடாத ஒருவரிடம், சிரித்துக்கொண்டே நான் கேட்டிருக்கிறேன். நீங்களும் ஏதோ ஒரு சிறு கட்சியில் சேர்ந்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் என்று நினைத்தே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் அது. அங்குள்ள மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும். அந்தக் கூட்டத்தில்தான் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். மூன்றாம் தலைமுறைத் தமிழர். உறவுமுறைச் சொற்களும் சில சாமி பாட்டுகளும் தவிர அவரிடம் தமிழ் மிஞ்சியிருக்கவில்லை. நான் அவரைத் தாத்தா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இளவயதில் லிபரல் கட்சியில் இருந்ததாகச் சொன்னார். நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. எத்தனை இடங்களில் ஜெயித்தீர்கள் என்றேன். பொதுத் தேர்தலில் ஒன்றுகூட இல்லை என்றார். "அப்படியென்றால் என்னதான் ஓட்டு வாங்கினீர்கள், தாத்தா?" என்று சிரித்தேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கே ஓட்டுக் கிடையாதே, தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்டில் இந்தியருக்கு ஓட்டில்லை என்பது பாடப்புத்தகச் செய்தியாகத்தான் என் மண்டையில் இருந்தது. அந்த வீட்டுக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1953 ஏப்ரல் தேர்தலில் இன ஒதுக்கலைக் கொள்கையாகக் கொண்ட தேசியக் கட்சி இரண்டாம் முறையாக வென்றது. எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சிக்கு அதை எதிர்த்து நிற்கும் முதுகெலும்பு இல்லை. அடுத்த மாதமே லிபரல் கட்சி பிறந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் மார்கரெட் பாலிஞ்சர் தலைவர். எழுத்தாளர் ஆலன் பேட்டன், லியோ மார்குவார்ட் ஆகியோர் துணைத் தலைவர்கள். கொள்கைகளை ஒரு கைப்பிடியில் அடக்கிவிடலாம். இனம், நிறம், மதம் பாராமல் ஒவ்வொருவருக்கும் உள்ள மதிப்பு; பிறர் உரிமைக்குக் குறுக்கே போகாமல் தன்னால் இயன்ற அளவுக்கு வளரும் உரிமை; சட்டத்தின் ஆட்சி; நிறத்தைக் காட்டி எவரையும் ஆட்சியில் பங்கேற்பதிலிருந்து விலக்கக் கூடாது என்பது. வழி, சனநாயக வழி மட்டும். கம்யூனிசமும் வேண்டாம், பாசிசமும் வேண்டாம்.

'வெள்ளைக்காரக் கனவான்களின் கட்சிக்கு வக்காலத்தா' என்று கேட்க வருகிறவர்களே, குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. கல்வி, சொத்து போன்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு என்றார்கள். அது தவறுதான். வயது வந்த அனைவருக்கும் ஓட்டு என்ற நிலைக்கு 1960இல்தான் வந்து சேர்ந்தார்கள். 1955இல் இன ஒதுக்கலை எதிர்த்த இயக்கங்கள் கூடி விடுதலைச் சாசனத்தை ஏற்ற மக்கள் மாநாட்டிலும் கலந்துகொள்ளவில்லை. உறுப்பினர்களில் சிலர் பொறுமையிழந்து நாசவேலையில் இறங்கினார்கள். கட்சியைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ் 1964இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் வைத்த குண்டில் ஒரு மூதாட்டி இறந்தார். ஹாரிஸ் தூக்கிலிடப்பட்டார். எதையும் மறைக்கவில்லை. மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசை விடப் பெரிய கட்சி இது என்றும் நான் சொல்ல வரவில்லை.

ஆனால் இவர்கள் மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அல்லர். வெள்ளையர் பகுதி என்று அறிவித்த இடங்களில் கறுப்பினத்தவர் விலைகொடுத்து வாங்கிய நிலங்களை அரசு 'கறுப்புப் புள்ளிகள்' என்று அழைத்து, மக்களை லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியது. நேட்டால் மாகாணத்தின் வடபகுதியில் அந்த நில உடைமையாளர்களோடு நின்றது இந்தச் சிறு கட்சி. கட்சியின் எலியட் ம்ங்காடியே அப்படி நிலம் வைத்திருந்தவர்தான். தேசியத் தலைவராக இருந்த பீட்டர் பிரவுன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர். 1964இல் அவர்மீது தடையாணை பாய்ந்தது, பத்து ஆண்டுகள் நீடித்தது. கூட்டத்துக்குப் போகக் கூடாது. அவர் சொன்னதை எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது.

1968இல் அரசு கடைசி ஆணியை அடித்தது. வெவ்வேறு இனத்தவர் ஒரே கட்சியில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. ஹெலன் சுஸ்மனின் முற்போக்குக் கட்சி வெள்ளையர் மட்டும் உள்ள கட்சியாகத் தொடர்ந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு குரலாவது இருக்கட்டும் என்ற அவர்களின் கணக்கை நான் பழிக்கமாட்டேன். லிபரல் கட்சி கலைந்துவிட்டது.

தாத்தாவுக்கு அப்போது 26 வயது. கலைக்க வேண்டாம் என்று சண்டை போட்டாராம். இந்தியர்கள் நாங்கள் தனிக் கிளையாகப் பெயர் மாற்றி இருந்துகொள்கிறோம் என்றாராம். பக்கத்தில் இருந்த, ஜூலு இனத்தைச் சேர்ந்த கறுப்பின நண்பர் ஒன்றும் பேசாமல் எழுந்து நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாராம். "அவர் மடக்குவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வர முடியாத அறையில் நான் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்?" என்றார்.

1984இல் இந்தியருக்கென்று தனி அவை அமைத்து ஓட்டுரிமை கொடுத்தார்கள். கறுப்பினத்தவருக்கு அப்போதும் இல்லை. தாத்தா அந்த ஓட்டைப் போடவில்லை. காரணம் கேட்டேன். "அதே நாற்காலிதான், தம்பி" என்றார். முதன்முதலாக அவர் ஓட்டுப் போட்டது 1994 ஏப்ரலில், 52ஆம் வயதில். நாற்காலி மடக்கிய நண்பர் அதற்குள் இறந்துவிட்டார்.

இதை இங்கே சொல்வது பொருத்தமா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சிறிய கட்சியின் கடிதங்களும் அறிக்கைகளும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் ஆலன் பேட்டன் பெயரில் உள்ள மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. என் பெரியப்பா முப்பது ஆண்டுகள் ஒரு தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவர் எழுதிவைத்த கூட்டக் குறிப்பேடுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவர் இறந்த பதினாறாம் நாள் முடிந்ததும் எங்கள் வீட்டார் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஊரில் இல்லை. கேட்டதற்கு, "அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்றார்கள். உங்கள் கேள்வியிலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் கட்சியின் கூட்டக் குறிப்பேடு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.