புகையில் ஓடுமா இன்ஜெக்டர்?

கேள்வி: ஐயா, பகோ பக்கம் எங்களுக்குச் சின்ன அரிசி ஆலை இருக்கிறது. உமி பாய்லர், தண்ணீர் ஏற்றுவது கரண்ட் பம்ப். பழைய ஆலையைப் பிரித்து விற்கும் தரகர் ஒருவர் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைக் காட்டி, "புகைக்கூண்டில் வீணாகும் சூட்டிலேயே ஓடும், உமி பாதி மிச்சம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம். மனிதர் புகையையும் ஆவியையும் போட்டுக் குழப்புகிறார்.

1858இல் பிரான்சின் ஹென்றி ஜிஃபார் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி ஓடுவது நீராவியில். பாய்லர் ஆவி குறுகிய மூக்கு வழியே சீறிப் பாய்ந்து, தொட்டித் தண்ணீரை இழுத்து, அதோடு கலந்து தானும் தண்ணீராகி, அந்த வேகத்திலேயே பாய்லருக்குள் புகும். எஞ்சின் கழிக்கும் ஆவியில் ஓடும் வகையும் உண்டு. அதில் சிலிண்டர் எண்ணெயும் சேர்ந்து பாய்லருக்குள் போகும். எண்ணெய் பிரிப்பான் இல்லாமல் தொடாதீர்கள்.

புகைச் சூட்டைப் பிடித்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குவது எகனாமைசர் என்ற வேறு சாமான். தண்ணீர் 6 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். பாதி என்பதெல்லாம் கதை. உமிச் சாம்பல் அதன் குழாய்களை அடைக்கும், தேய்க்கும். உமி உங்கள் முற்றத்திலேயே மலையாகக் கிடக்கும்போது அந்தச் செலவு எதற்கு?

இன்ஜெக்டரின் அருமை கரண்ட் போகும்போதுதான் தெரியும். பம்ப் நின்றுவிடும், அடுப்பில் உமி எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்கு இது வேண்டும்.

வாங்குமுன் கழற்றி, உள்ளே இருக்கும் கூம்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். துளை வழவழப்பாக இருக்க வேண்டும். கீறலோ நீள்வட்டத் தேய்மானமோ இருந்தால் வேண்டாம். வெள்ளைப் படிவு என்றால் பரவாயில்லை, வினிகரில் ஊற வைத்தால் போகும். உங்கள் பாய்லர் பிரஷருக்கு ஏற்றதா என்று கேளுங்கள். முடிந்தால் ஆவி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்: வழிகுழாய் (மிஞ்சியது வெளியேறும் குழாய்) முதலில் தண்ணீரும் ஆவியுமாகத் துப்பும், பிடித்துக்கொண்டதும் துப்பல் நின்றுவிடும். நிற்காமல் ஒழுகினால் விலையைக் குறைக்கிறேன் என்றாலும் மசியாதீர்கள்.

பொருத்தியபின் தொட்டியை நிழலில் வையுங்கள். தண்ணீர் சூடாக இருந்தால் ஆவி குளிராது, இன்ஜெக்டர் இழுக்காது. பாய்லர் பக்கம், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு அவசியம். அது கசிந்தாலும் இன்ஜெக்டர் உடம்பு கொதித்து இதே தகராறுதான்.

அப்புறம், பழைய பம்பை விற்றுவிடாதீர்கள். பாய்லரின் நீர்மட்டம் காட்டும் அளவுக் கண்ணாடியில் தண்ணீரே தெரியாத நிலை வந்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் இரண்டையும் திறக்கக் கூடாது. முதலில் தீயை இழுங்கள்.