ஒன்றரை இன்ச் என்றால் எந்த ஒன்றரை இன்ச்?

கேள்வி: இரண்டு பேர் உட்காரும் பக்கி வண்டி ஒன்றை வீட்டிலேயே கட்டுகிறேன். கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்காக, பழைய கார் எஞ்சினைப் போட்டு. வண்டியின் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) ஒன்றரை இன்ச் தண்ணீர் பைப்பே போதும் என்கிறார் வெல்டர். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ஸ்டீல்தான் உயிருக்கு உத்தரவாதம் என்கிறார் இரும்பு விற்பவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள். உங்கள் வண்டிக்கு 38 மி.மீ. வெளிவிட்டமும் 2.5 மி.மீ. சுவர்க் கனமும் உள்ள சாதாரண மைல்டு ஸ்டீல் டியூப் போதும். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்கு மட்டும் 45 மி.மீ. எடுங்கள், கனம் அதே 2.5. ராலி கார்களின் பாதுகாப்புக் கூண்டுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி கேட்கும் குறைந்தபட்ச அளவுகளில் இதுவும் ஒன்று.

வெல்டர் சொல்லும் ஒன்றரை இன்ச் பைப்பை அளந்து பார்த்தால் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இருக்கும். பைப்புக்கு இன்ச் கணக்கு தண்ணீர் ஓடும் உள்துளைக்கு, டியூபுக்கு வெளிவிட்டத்துக்கு. அந்தப் பைப் 3.2 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு மூன்றரை கிலோவைத் தாண்டும். நான் சொன்ன டியூப் 2.2 கிலோ. சட்டத்துக்கு 30 மீட்டர் போகிறது என்றால் சும்மா 40 கிலோ கூடுதலாகச் சுமப்பீர்கள். ஜிஐ பைப்பாக இருந்தால் துத்தநாகப் பூச்சு வேறு. வெல்டிங் சூட்டில் அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். வெளிப்பூச்சைத் தேய்த்து எடுத்தாலும் உள்பூச்சு அப்படியே இருந்து வெல்டைப் பொரிபொரியாக்கும்.

குரோமோலி நல்ல இரும்புதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. வலு அதிகம் என்பதால் கனத்தைக் குறைத்து எடையை மிச்சம் பிடிக்கலாம், அதற்காகத்தான் அது. அதே கனத்தில் வாங்கிச் சாதாரணமாக வெல்டு செய்தால் காசுக்குத் தண்டம். அதைவிட, கடையில் கொடுத்தது குரோமோலிதான் என்று எப்படித் தெரியும்? கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காந்தம் இரண்டிலும் ஒட்டும்.

சான்றிதழ் கேளுங்கள் என்று விதிப்புத்தகங்கள் சுலபமாக எழுதிவிடுகின்றன. நாலு குழாய் வாங்குபவனுக்கு எந்த ஆலை சான்றிதழ் தரும்? நகலின் நகலை நீட்டுவார்கள், அதில் உள்ள ஹீட் எண், அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்று சொல்லும் எண், குழாயில் எங்குமே இருக்காது. நானே ஒருமுறை அப்படி ஒரு தாளை நம்பி ஏமாந்தேன். அதனால் தராசை நம்புங்கள். வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, மறுபடி கனத்தால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 38-க்கு 2.5 என்றால் 6 மீட்டர் நீளம் 13 கிலோ சொச்சம் நிற்க வேண்டும். பத்தரை கிலோதான் நின்றால் உங்கள் தலையில் 2 மி.மீ. குழாயைக் கட்டுகிறார்கள். நுனியில் மட்டும் காலிப்பர் வைத்து ஏமாறாதீர்கள். அறுத்த இடத்துப் பிசிறு கனத்தைக் கூட்டிக் காட்டும்.

வெல்டிங் கோடே இல்லாத சீம்லெஸ் குழாய் வேண்டுமா, தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் மின்சாரத்தால் வெல்டு செய்த இஆர்டபிள்யூ போதுமா? நேர்க்குழாய்களுக்கு இஆர்டபிள்யூ தாராளமாகப் போதும். முதுகுக்குப் பின்னால் உள்ள அந்த வளைவுக்கு மட்டும் கோல்டு டிரான் (சூடாக்காமல் இழுத்துச் செய்த) சீம்லெஸ். போட்டியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மொத்தத்துக்கும் அதையே கேட்பார்களா என்று முதலில் விதியைப் படியுங்கள். சீம்லெஸ் கிடைக்காமல் இஆர்டபிள்யூவையே வளைக்க நேர்ந்தால், நீளவாக்கில் ஓடும் வெல்டிங் கோட்டைத் தேடுங்கள். உள்ளே விரலை விட்டால் மெல்லிய மேடு தட்டுப்படும். சிலர் அதைச் செதுக்கிவிட்டு சீம்லெஸ் என்று விற்பார்கள், அது தனிக் கதை. அந்தக் கோடு வளைவின் வெளிப்பக்கம் வந்தால் இழுபடும், உட்பக்கம் வந்தால் நசுங்கும். அதனால் பக்கவாட்டில், இழுப்பும் நசுக்கலும் இல்லாத இடத்தில் வருமாறு குழாயைத் திருப்பி வையுங்கள். வளைக்கும் முன்பே சாக்பீஸால் நுனிவரை கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெஷினில் மாட்டிய பிறகு உள்ளே விரல் விட முடியாது.

தண்ணீர் பைப் வளைக்கும் ஹைட்ராலிக் மெஷின் வேண்டவே வேண்டாம். நடுவில் குத்தி அமுக்குவதால் குழாய் சப்பையாகிவிடும். சுற்றி இழுத்து வளைக்கும் மெஷின் உள்ள பட்டறையாகப் பாருங்கள். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.

அப்புறம், மிஞ்சிய துண்டுகள் இரண்டை அந்த வெல்டரையே சேர்க்கச் சொல்லி, வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடியுங்கள். குழாய் மடங்கினால் சரி. வெல்டு வாயைப் பிளந்தால் வேறு வெல்டரைத் தேடுங்கள், குழாயை மாற்ற வேண்டாம்.