அடுக்ககத்தில் வளரும் சிறு குழந்தைகளை இயற்கையோடு பழக்க என்னென்ன செய்யலாம்?

நான்கு வயது மகனும் ஆறு வயது மகளும் அடுக்ககத்தில் வளர்வதாகவும், கடையில் வாங்கித் தந்த கைவினைப் பெட்டிகள் அவர்களுக்கு விரைவில் சலித்துவிடுவதாகவும், வெளியில் செலவின்றிச் செய்யக்கூடிய வேலைகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மழலையர் வகுப்பில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். அங்கே குழந்தைகள் மீண்டும் மீண்டும் விரும்பிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வயதில், சுவரில் மாட்டிவைக்கும் பொருளைச் செய்யச் சொல்வதைவிட, ஊதினால் ஒலிக்கிற, ஓடினால் சுழல்கிற, தள்ளினால் உருள்கிற பொருளைச் செய்யக் கற்றுத் தருவதே நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். காய்ந்த இலைகளை ஒட்டி மயில் செய்யும் குழந்தை, அது சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நம் முகத்தைப் பார்க்கிறது. இலையைச் சுருட்டி ஊதும் பீப்பியைச் செய்யும் குழந்தைக்கு அந்த விடையை இலையே சொல்லிவிடுகிறது. ஒலி வராவிட்டால் யாரும் சொல்லாமலே பிரித்து, வேறொரு இலையை எடுத்து, இன்னும் இறுக்கிச் சுருட்டிப் பார்க்கிறது. கைவினைப் பெட்டி சலித்துப்போவதற்குக் காரணமும் இதுவே என எண்ணுகிறேன். அதில் எல்லாம் முன்கூட்டியே வெட்டி வைக்கப்பட்டிருப்பதால், குழந்தை கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

ஆகவே பூவரசிலிருந்து தொடங்குங்கள். சாலையோரங்களிலும் கோயில் வளாகங்களிலும் இந்த மரம் இன்றும் கிடைக்கிறது. மிக இளசாகவும் இல்லாமல், முற்றித் தடித்தும் போகாமல், நடுத்தரமான இலை ஒன்றைப் பறித்துக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்தால், ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்றும் உள்ள குழல் கிடைக்கும். குறுகிய முனையை விரல்களால் மெல்ல நசுக்கி, வாய் தட்டையான பிளவாக ஆனபிறகு ஊதினால், கரகரப்பான, உரத்த ஒலி எழும். நசுக்கியது போதாவிட்டால் வெறும் காற்றுதான் வரும். அதிகமாக நசுக்கினால் காற்றே போகாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை நான்கு வயது விரல்கள் தேடிக் கண்டடைவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பெருமகிழ்ச்சி தரும். ஆறு வயது மகளுக்குச் சிறிய இலையிலும் பெரிய இலையிலும் செய்து தந்து, ஒலி எப்படி மாறுகிறது என்று கேட்கச் சொல்லலாம். அதே மரத்தடியில் விழுந்து கிடக்கும் பூக்களையும் பொறுக்கச் சொல்லுங்கள். மரத்தில் மஞ்சளாக மலரும் பூவரசம்பூ வாடும்போது செம்மை படர்ந்து விழுவதைக் குழந்தைகள் தாமாகவே கவனித்துவிடுவார்கள்.

அடுத்தது ஓலைக் காற்றாடி. அடுக்கக வளாகங்களில் தென்னை மட்டை விழுந்தால் காவலாளி அதை உடனே அப்புறப்படுத்திவிடுவார். ஒரு மட்டையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஈர்க்கை நீக்கிய ஓலையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, நடுவில் துளையிட்டு, கருவேல முள்ளால் ஒரு குச்சியின் முனையில் தளர்வாகக் குத்தினால் போதும். முள்ளைக் கையாளும் வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். ஓலையின் இரு சிறகுகளையும் திருகும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்தால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது சுழலாது. ஒன்றின் மேல்விளிம்பு முன்னோக்கியும் மற்றதன் மேல்விளிம்பு பின்னோக்கியும் சாய்ந்திருந்தால்தான் காற்று அதைச் சுற்றும். இதை முன்னதாக விளக்கிச் சொல்லிவிடாதீர்கள். காற்றாடி சுழலாமல் நிற்கும்போது குழந்தை அதை உற்றுப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்.

கைவேலைக்கு இணையாக, கூர்ந்து பார்க்கும் வேலையும் தேவை. நகரத்தில் அதற்கு வாய்ப்பில்லை என்று பெற்றோர் பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. மழை படாத, உலர்ந்த, பொடிமண் தங்கியிருக்கும் எந்த மூலையிலும், உங்கள் வளாகத்தின் வண்டி நிறுத்தும் கொட்டகையின் ஓரத்தில்கூட, புனல் வடிவத்தில் சின்னஞ்சிறு குழிகள் இருக்கக்கூடும். அவற்றின் அடியில் குழியானை மறைந்திருக்கிறது. புல்லின் நுனியால் குழியின் சரிவை மெல்லச் சீண்டினால், எறும்பு விழுந்துவிட்டதாக எண்ணி அது உள்ளிருந்து மண்ணை வாரி இறைக்கும். மண்ணோடு சேர்த்து அள்ளி உள்ளங்கையில் விட்டால் பின்னோக்கியே நகரும். திரும்பவும் பொடிமண்ணில் விட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், பின்புறமாகவே வட்டமிட்டு வட்டமிட்டுப் புதிய குழி தோண்டுவதையும் காணலாம். இது ஒரு பூச்சியின் இளம்பருவம் என்பதையும், வளர்ந்தபின் தட்டானைப் போன்ற சிறகுகளோடு பறந்துவிடும் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். தீப்பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள்.

மாடத்தில் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால், வண்ணத்துப்பூச்சியின் முழு வாழ்க்கையையும் வீட்டிலேயே பார்க்கலாம். அழகிகள் என்னும் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில் கருநிறமும் வாலும் கொண்ட ஒரு வகையும், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் இச்செடியைத் தேடி வந்து, இளந்தளிரில் வெளிர்மஞ்சள் உருண்டைகளாக ஒவ்வொரு முட்டையாக இடும். முட்டையிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே தோன்றுவதால், இலையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நாம் தட்டிவிடக்கூடும். பிறகு தோலுரித்துத் தோலுரித்து, கடைசிக் கட்டத்தில் பச்சை நிறமாகிறது. அப்போது அதைத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற ஓர் உறுப்பைச் சட்டென்று நீட்டி, காட்டமான வாடையைப் பரப்பும். பின்னர் பட்டு நூலால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாக மாறும். முட்டை முதல் சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால், குழந்தையின் பொறுமைக்கு இது ஏற்ற அளவு. புழுவைப் புட்டியில் அடைக்காமல் செடியிலேயே விட்டுவிடுங்கள். அந்த மாதம் முழுவதும் செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். சாம்பாருக்கு இலை பறிப்பவர் யாராயினும் தளிர்களைப் பார்த்துவிட்டுப் பறிக்கட்டும். குழந்தைகள் தினமும் ஒரு தாளில் புழுவை வரைந்தால், வளர்ச்சியின் பதிவேடு தானாகவே உருவாகிவிடும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை; இலையில் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

மழைக்குப் பிந்தைய நாட்களில் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் ஊதாப்பூ பூத்து நிற்கும் கிரந்திநாயகத்தைத் தேடுங்கள். அதன் முற்றிக் காய்ந்த காயைப் பிள்ளைகள் பட்டாசுக் காய் என்பார்கள். ஒரு கிண்ணத்து நீரில் போட்டால், இரு பாதிகளையும் பிணைத்திருக்கும் நுனி ஈரத்தில் நெகிழ்ந்து, சில நொடிகளில் காய் படீரென்று வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செடி ஏன் மழைக்காகக் காத்திருந்து விதையை எறிகிறது என்று மகள் கட்டாயம் கேட்பாள்.

களிமண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எந்தக் குழந்தையும் அதை வைத்துக்கொண்டு தானே விளையாடும். தட்டிய மண்மீது இலையின் நரம்புப் பக்கத்தை அழுத்தி எடுத்தால் நல்ல அச்சு விழும் என்பதையும், வெயிலில் வைத்தால் விரிசல் விடும் என்பதால் நிழலில் உலர்த்த வேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவற்றைக் கண்டிப்போடு சொல்கிறேன். குன்றிமணி கைவேலைக்கு அழகானது என்று இன்றும் மாலை கோக்கப் பயன்படுத்துகிறார்கள். அதன் நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது. ஓடு கெட்டியாக இருப்பதால் முழு விதையிலிருந்து நஞ்சு எளிதில் வெளிவருவதில்லை. ஆனால் கோப்பதற்காக நாம் போடும் துளையே அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடுகிறது. ஆகவே குழந்தைகள் கையில் அது வேண்டவே வேண்டாம்; அடுக்கவும் எண்ணவும் புளியங்கொட்டை போதுமானது. எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு அதையும் கொடுக்கக் கூடாது. ஆமணக்கு விதை, ஊமத்தங்காய், அரளியின் எந்தப் பகுதியும் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு நேரும். பீப்பிக்கு இலை பறிக்கும்முன் கிளையில் கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். சருகுக் குவியலில் பெரியவர்கள் குச்சியால் கிளறிப் பார்த்தபிறகே குழந்தை கைவைக்க வேண்டும். கோடையில் காலை எட்டரை மணிக்குள்ளாகவோ மாலை வெயில் தாழ்ந்தபிறகோ மட்டும் வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். தொலைவான பூங்காவுக்கு எப்போதாவது போவதைவிட, நடந்து போகும் தொலைவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அடிக்கடி போவதையே பரிந்துரைப்பேன். தளிர்விடுதல், பூத்தல், இலையுதிர்தல் ஆகியவற்றை ஒரே மரத்தில் தொடர்ந்து பார்த்த குழந்தை, அடுத்து என்ன நடக்கும் என்று தானே ஊகிக்கத் தொடங்குகிறது.

நீங்கள் இதைச் சித்திரை, வைகாசி மாதங்களில் படித்தால் முதலில் நுங்கு வண்டி செய்யுங்கள். நுங்கு விற்பவரிடம் சுளை எடுத்தபின் மிஞ்சும் கூந்தலில், அதாவது நுங்கின் வெளிக்கூட்டில், ஒரே அளவான இரண்டைக் கேட்டு வாங்கி, இடையே ஒரு குச்சியைச் செருகி, நீண்ட கவட்டைக் குச்சியால் அதைத் தள்ளிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். கூந்தல் பசுமையாக இருக்கும்போதே துளையிட்டுவிட வேண்டும். காய்ந்துவிட்டால் குச்சி இறங்காது.