பள்ளி நூலகத்தின் நடுவில் அலமாரிகளை நகர்த்தி, வகுப்புக்கும் கூட்டத்துக்கும் இடம் விட முடியுமா?

முடியும். ஆனால் எல்லா அலமாரிக்கும் சக்கரம் மாட்டாதீர்கள். உயரமானவை சுவரோரம் நிற்கட்டும், சுவரோடு திருகிப் பிணைத்தே நிற்கட்டும். நடுவில் இருப்பவை மட்டும் நகர்ந்தால் போதும். அவை 120 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது எடையில்தான். ஒரு மீட்டர் தட்டு நிறையப் புத்தகம் என்றால் சுமார் 25 முதல் 35 கிலோ. இருபுறமும் மும்மூன்று தட்டு கொண்ட ஒரு மீட்டர் அலமாரியில் புத்தகமே 200 கிலோவைத் தொடும். சட்டத்தோடு 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம் இருக்கிறதே என்று நான்கால் வகுக்காதீர்கள். தரை சற்று மேடுபள்ளமானாலும் சுமை மூன்றில்தான் இறங்கும். அதனால் ஒவ்வொன்றும் 100 கிலோவாவது தாங்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் 75 மி.மீ.க்குக் குறைந்தால் தரை ஓடுகளின் இணைப்பில் சிக்கும். அந்த நேரத்தில் தள்ளினால் அலமாரி கவிழலாம். இரண்டு சக்கரத்திலாவது பூட்டு அவசியம்.

ஓர் அலமாரிக்கு ஒரே துறைப் புத்தகங்கள் என்று அடுக்குங்கள். இல்லையேல் நகர்த்தும்போதெல்லாம் வரிசை எண் குலையும்.

விளக்குகளை அலமாரி இடைவழியைப் பார்த்துப் பொருத்தினால், இடம் மாற்றியதும் மேசை இருட்டில் கிடக்கும். கூரை முழுக்கச் சீராகப் பரப்பி, பகுதிக்கொரு சுவிட்ச் வையுங்கள்.

வாங்குமுன் தரையில் ஒட்டுநாடாவால் எல்லா அமைப்பையும் வரைந்து பாருங்கள்: நடைவழி 90 செ.மீ., சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம். வெளியேறும் கதவை எந்த அமைப்பும் மறைக்கக் கூடாது.