நாயின் மேல் உண்ணியைப் பிடுங்கிப் போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது, மூன்று நாளாகச் சாப்பிடவும் இல்லை. என்ன செய்வது?

முதலில் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ மீதியை அப்புறம் படிக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈறு நன்றாக இருந்தாலும் இன்றே காட்டிவிடுங்கள். வெயிலுக்குத்தான் சாப்பிடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் செவலை நாட்டு நாய். அப்போது திருச்சியில் பழைய ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தினமும் சாயங்காலம் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவேன். சித்திரை வெயிலில் ஒருநாள் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தயிர்சோறு வைத்தும் தொடவில்லை. நான்காம் நாள் காலையில் திண்ணையெல்லாம் ரத்தச் சொட்டு. எங்கேயோ இடித்துக்கொண்டாள் என்று மஞ்சளோடு போனால், மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 18,000தான் இருந்தன. எர்லிக்கியா என்ற கிருமி. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு உள்ளே போய் வெள்ளையணுக்களில் குடியேறிவிடுகிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். பத்தாம் நாளே செவலை வாலை ஆட்டிக்கொண்டு ஓடினாள். மாத்திரை போட்டால் வாந்தி எடுக்கிறாளே என்று நிறுத்திவிட்டேன். தயவுசெய்து யாரும் திட்ட வேண்டாம், நான் பட்டது போதும். அடுத்த மாதமே மறுபடி காய்ச்சல். இந்த முறை அக்கா வீட்டு நாயின் ரத்தத்தை ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அப்புறம் வயிறு நிறையச் சோறு போட்ட பிறகே மாத்திரை, 28 நாளும் ஒருநாள் விடாமல்.

நீங்கள் கேட்ட 'திரும்பத் திரும்ப' விஷயத்துக்கு வருகிறேன். உண்ணி முழு நேரமும் நாய் மேல் இருப்பதில்லை. குஞ்சாக ஒருமுறை, கொஞ்சம் வளர்ந்து ஒருமுறை, பெரிதாகி ஒருமுறை என்று மூன்று தடவை ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். கடைசியில் பெண் உண்ணி சுவர் வெடிப்பில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் நாய்க்கு மருந்து, வீட்டுக்கும் மருந்து, இரண்டும் வேண்டும். படுக்கிற சாக்கை வெந்நீரில் அலசுங்கள், வெடிப்பைப் பூசுங்கள். உண்ணியைக் கொல்ல, நாய்க்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் நாய்க்கான சொட்டு மருந்தை அதன் மேல் விடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததாக இருந்தால் பூனை செத்தே போகலாம்.

'வேப்பெண்ணெய் தடவினால் போதும், நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது' என்று யாராவது வந்து எழுதுவார்கள். நான் மருத்துவர் இல்லை, வேப்பெண்ணெயோடு எனக்குச் சண்டையும் இல்லை. செவலைக்கும் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சமயம் மனிதர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது என்று பேப்பரில் வந்தது. நாயைத் துரத்து, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்றார் வீட்டுக்காரர். பேப்பரில் வந்தது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. நாய் மேல் தொங்குகிற உண்ணியால் அது வருவதில்லை. எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த வருடம் எத்தனை நாய்களைத் தெருவில் விட்டார்களோ, நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

செவலையோடு காலி செய்துவிட்டோம். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், சுவர் வெடிப்பு அப்படியே இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஒரு நாய்க்குட்டி. உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன்.