கண்ணாடியில் வரும் அந்த ஒற்றை மேடு என்ன சொல்கிறது?

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். சிலிக்காவும் சோடாவும் கலந்து உருக்கிச் செய்த கண்ணாடியைப் பொடித்து எக்ஸ் கதிர் கருவியில் வைத்தேன். கூர்மையான முகடு ஒன்றுகூட இல்லை, அகலமாக ஒரு மேடு மட்டும் வந்தது. ‘படிகமல்ல’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாமா?

பதில்:

தயவுசெய்து முடித்துவிடாதீர்கள். அந்த மேட்டுக்குள்தான் விஷயமே இருக்கிறது.

நான் குடியாத்தத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். லுங்கியில் ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டால் நான்கு முழம் தள்ளி எந்த நிற நூல் ஓடும் என்று சொல்லிவிடலாம். அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய படிகம் அப்படிப்பட்டது. கண்ணாடியோ வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டம். அங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆனாலும் தோளோடு தோள் உரசி நிற்கும் இருவருக்கு இடையே உள்ள தூரம் கூட்டம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். தாயின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதும் எங்கும் மாறாது. பத்து ஆள் தள்ளி யார் நிற்பார் என்பதைத்தான் சொல்ல முடியாது.

சிலிக்கா கண்ணாடியில் ஒவ்வொரு சிலிக்கனையும் சுற்றி 1.62 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்தில் நான்கு ஆக்சிஜன்கள் இருக்கின்றன. ஆக்சிஜனுக்கும் அடுத்த ஆக்சிஜனுக்கும் சுமார் 2.65, சிலிக்கனுக்கும் அடுத்த சிலிக்கனுக்கும் சுமார் 3.1. குவார்ட்ஸ் படிகத்திலும் இந்தத் தூரங்கள் பெரிதாக வேறுபடுவதில்லை. ஒழுங்கு குலைவது இரண்டு சிலிக்கன்களை இணைக்கும் ஆக்சிஜனிடம்தான். அந்த இணைப்புக் கோணம் 144 பாகையை ஒட்டிக் குவிந்தாலும், 120 முதல் 180 வரை பரவிக் கிடக்கிறது. கண்ணாடி இப்படியொரு ஒழுங்கற்ற வலை என்று ஜக்காரியாசென் என்ற ஆய்வாளர் 1932-இல் எழுதினார். அந்தக் கோணப் பரவலை மோஸ்ஸி, வாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1969-இல் எக்ஸ் கதிர் அளவீட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். உங்கள் கையில் இருக்கும் அதே வகை மேடுகளிலிருந்துதான்!

கோணத்துக்குக் கோணம் பதிவான சிதறல் அளவை, தூரக் கணக்காக மாற்றித்தரும் ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறையில் மாற்றினால், ஓர் அணுவில் நின்று பார்க்கும்போது எந்தத் தூரத்தில் எத்தனை அணுக்கள் என்று சொல்லும் இணைப் பரவல் சார்பு கிடைக்கும். ஆனால் உங்கள் கருவியில் இருப்பது அநேகமாகச் செம்பை வைத்து எக்ஸ் கதிர் உண்டாக்கும் குழாயாக இருக்கும். அதன் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். சிதறல் கோணத்தில் பாதியான தீட்டாவின் சைனை 4 பை-யால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வரும் எண்ணை க்யூ என்பார்கள். அது எவ்வளவு பெரிதாகப் போகிறதோ, அவ்வளவு நுணுக்கமாகத் தூரங்கள் பிரியும். செம்பில் அது 8-ஐச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். அங்கே வெட்டினால் 2.65-உம் 3.1-உம் பிரியாமல் ஒரே திட்டாகக் கலந்துவிடும். போதாததற்குப் பொய் அலைகள் வேறு எழும். 0.8 ஆங்ஸ்ட்ராமில் ஒரு முகடு தெரிந்தால் நம்பாதீர்கள், அவ்வளவு நெருக்கத்தில் இந்தக் கண்ணாடியில் எந்த அணுவும் இல்லை. மாலிப்டினம் குழாய் 17 வரை போகும், வெள்ளிக் குழாய் 22 வரை போகும். அதற்கு மேல் வேண்டுமானால் இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 போன்ற, வலுவான எக்ஸ் கதிர் தரும் சின்க்ரோட்ரான் என்ற பெரிய கருவியை நாட வேண்டும்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது சோடாவைக் கூட்டிக் கூட்டி அளந்தேன். மேடு மெல்ல நகர்ந்தது. சோடாவில் இருக்கும் சோடியம் சிலிக்கா வலையை உடைப்பதைக் கண்ணால் பார்க்கிறேன் என்று இரண்டு வாரம் தூக்கமில்லாமல் கணக்குப் போட்டேன். பிறகு ஒரு மாலை, பொடி வைக்கும் தட்டை வெறுமையாக வைத்து ஓட்டிப் பார்த்தேன். 22 பாகையை ஒட்டி அதே போன்ற மேடு! தட்டும் கண்ணாடி. பொடியை மெல்லிசாகப் பரப்பிய மாதிரிகளில் கதிர் ஊடுருவித் தட்டையும் சேர்த்து அளந்திருக்கிறது. கண்ணாடியை அளக்கும்போது கண்ணாடித் தட்டோ கண்ணாடி நுண்குழாயோ இருந்தால், அதை அதே அமைப்பில், அதே நேர அளவில் தனியாக அளந்து கழித்தே ஆகவேண்டும். பெரிய கோணங்களில் சிதறல் மிகவும் மெலிந்துவிடும், அங்கே கூடுதல் நேரம் ஓட்டுங்கள்.

நியூட்ரான் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். எக்ஸ் கதிருக்கு எட்டு எலக்ட்ரான் உள்ள ஆக்சிஜன் மங்கலாகத்தான் தெரியும், நியூட்ரானுக்கோ அது சிலிக்கனைவிட நன்றாகத் தெரியும். மும்பை ட்ராம்பேயில் துருவா அணு உலையில் இதற்கான கருவி இருக்கிறது. போரான் கலந்த கண்ணாடி என்றால் மட்டும் கவனம். சாதாரண போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10 என்ற ஐசோடோப்பு, அது நியூட்ரானை விழுங்கிவிடும். போரான்-11 வாங்கித்தான் உருக்க வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் கண்ணாடியின் அடர்த்தியை ஆர்க்கிமிடீஸ் முறையில் அளந்து வையுங்கள். அது இல்லாமல் முகட்டின் பரப்பை அணு எண்ணிக்கையாக மாற்ற முடியாது. பின்னணியைக் கழித்து, மாற்றம் செய்து, 1.62-இல் வரும் முதல் முகட்டின் பரப்பைப் பாருங்கள். நான்குக்குப் பக்கத்தில் வந்தால் மேற்கொண்டு போகலாம். மூன்று என்று வந்தால் புதிய கண்டுபிடிப்பு என்று எழுதுவதற்கு முன் வெறும் தட்டை இன்னொரு முறை ஓட்டுங்கள்.